அட்டை லிஃப்டுக்கு ஒரு சுமைச் சோதனை

நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. இருபத்தோரு வருடத்தில் கைக்குழந்தைகள், கல்யாண மாப்பிள்ளை, கட்டிலோடு ஒரு நோயாளி, ஒரு தடவை ஒரு பீரோவும் அதைத் தூக்கி வந்த நாலு பேரும் என்று எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன். யாரையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே விட்டுவைத்ததில்லை. ஆனால் எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தின் நிர்வாகக் குழுவிடம் நான் மாட்டிக்கொண்டு கிடந்தது ஒன்பது வாரம். அதை எரிச்சல் படாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. நான் ஒரு நாடகம் எழுதினேன். நாற்பது நிமிடம். பெயர் 'இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்'. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே மூன்று பேர். ராஜினாமா கடிதத்தோடு மேலே போகும் ஒரு பெண்மணி, கேக் பெட்டியோடு ஒரு பெரியவர், அப்புறம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்குக்கு அன்றைக்கு லீவு. லீவு நாளில் யார் வேலை பார்ப்பது என்று, தான் மெக்கானிக் என்பதையே சொல்லாமல் மூலையில் நிற்கிறான். இது கற்பனையா, நடந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

மெக்கானிக்காக நான். பெரியவராக எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர். கேக் பெட்டி அவருடையது என்பதால் வேடமும் அவருக்கே போய்விட்டது. அந்தப் பெண்மணி என் அக்கா.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது அவள் வேலை. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல். பல் பிடுங்கப் பயந்து நழுவப் பார்ப்பவன்கூட அவள் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விடுவான். நாடகத்தில் அவள் லிஃப்டின் அவசரத் தொலைபேசியை எடுத்துப் பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறாள். மறுமுனையில் யாரும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை அவள் குரலை மனதில் வைத்துத்தான் எழுதினேன். அதில் பாதி, அவளே வீட்டில் புலம்பியது.

எழுதி முடித்த வாரம் அவள் தொண்டையில் ஒரு கட்டி இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். கெட்ட கட்டி இல்லை. ஆனால் எடுத்தாக வேண்டும். இரண்டு மாதம் தள்ளி, பதினான்காம் தேதிக்கு நாள் குறித்தார். அதற்குப் பிறகு குரல் பழையபடி வரலாம், மாறியும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அதுவரை அளந்து பேசச் சொன்னார். அக்கா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பதினாலுக்குள்ள போட்டுடலாமாடா? அந்த போன் பேச்ச இந்தக் குரல்லயே நாலு பேர் கேக்கணும். உங்க அத்தான் கேக்கணும்."

அத்தான் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். வீட்டில் அவர் வாயிலிருந்து "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் வந்து நான் கேட்டதில்லை. போட்டுடலாம்க்கா, அதுக்கென்ன என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வாரம் இருக்கிறது, கூடம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்த மடையன் நான்.

எங்கள் சமூகக் கூடத்தில் நூற்று நாற்பது நாற்காலிகள். எல்லாம் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு இருக்கின்றன. வாசலில் இரண்டு பலகை. ஒன்றில் 'கலைகளை வளர்ப்போம்'. அதற்குக் கீழே 'உள்ளே வராதீர்கள்'. கடைசியாக அங்கே நாடகம் நடந்து பதினொரு வருடம் ஆகிறது. அன்றைக்கு மூன்றாம் வரிசையில் ஒருவர் சிரித்ததில் நாற்காலியின் கால் முறிந்துவிட்டது. விசாரணைக் குழு நாலு வருடம் உட்கார்ந்து, காரணம் சிரிப்புதான் என்று கண்டுபிடித்தது. முறிந்த நாற்காலி தலைவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

தலைவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். இடுப்பில் எப்போதும் ஓர் அளவு நாடா. என்னை உட்காரச் சொன்னார். உட்கார ஒன்றும் இல்லாததால் நின்றுகொண்டே கேட்டேன்.

"கூடம்னா நிகழ்ச்சி நடக்கிற இடம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. உங்க மேல தப்பில்ல, வெளில போர்டு அப்படி இருக்கு. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. நிகழ்ச்சி நடந்தா தரை தேயுது, நாற்காலி தேயுது, மேடை தேயுது. பதினோரு வருஷமா இத புதுசாவே வெச்சிருக்கோம். இப்படி ஒரு கூடத்த வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்று, அனுமதி கிடையாது என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் குழு இன்றுவரை யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. துணைக்குழுவுக்கு அனுப்பிவிடும்.

செயலாளர் ஒல்லியான ஓர் அம்மா. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் ரப்பர் ஸ்டாம்ப். அவர் சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பதினொரு படிவங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, நாடகப் பிரதி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். அக்காவின் பதினாலுக்கு நாலு நாள் முன்னால், பத்தாம் தேதி மாலை நான்கு மணி என்று தேதியும் போட்டுக் கொடுத்தார், துணைக்குழுக்கள் ஒப்புதல் தந்தால்.

முதலில் பாதுகாப்புத் துணைக்குழு. அது ஒரே ஆள். கூடத்துக்குள் எப்போதும் தலையில் ஹெல்மெட்டோடுதான் நடப்பார். மேடையில் ஒரு லிஃப்ட் இருக்கும் என்று பிரதியில் எழுதியிருந்ததால் லிஃப்டுக்கான சான்றிதழ் கேட்டார்.

"அது அட்டைங்க. ஃபிரிட்ஜ் வந்த பெட்டிய வெட்டி ஒட்டியிருக்கேன்," என்றேன்.

"எதுல செஞ்சதுன்னு படிவத்துல கேள்வியே இல்லீங்களே. எத்தனை மாடி போகும்னு இருக்கு, எத்தனை பேர் ஏறலாம்னு இருக்கு. அத நிரப்புங்க."

மாடி என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். மூன்று நாளில் திரும்பி வந்தது. எந்த மாடிக்கும் போகாத லிஃப்ட் லிஃப்டே அல்ல என்றும், லிஃப்ட் அல்லாத ஒன்றை லிஃப்ட் என்று காட்டுவது பார்வையாளர்களை ஏமாற்றும் செயல் என்றும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. யோசித்துப் பார்த்து 'இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்' என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். முன்பக்கம் கதவு இல்லையே என்று அடுத்த கேள்வி வந்தது. கதவு வைத்தால் உள்ளே இருக்கும் எங்களை யார் பார்ப்பது? 'கதவு திறந்த நிலையில் பழுது' என்று குறித்தேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

சான்றிதழில் உரிமம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பகுதியில் உரிமம் உள்ள மெக்கானிக் நான் ஒருவன்தான். ஆகவே நான் ஒட்டிய அட்டைப் பெட்டியை நானே ஆய்வு செய்து, நானே சான்றளித்து, எனக்கே ஒரு நகல் அனுப்பிக்கொண்டேன். 'நான்கு பேர், 272 கிலோ' என்று ஒரு தகடு செய்து அட்டையில் மாட்டினேன். தகடு கனம் தாங்காமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அக்காவிடம் சொன்னபோது அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கு நீயே லஞ்சமும் குடுத்துக்கிட்டியாடா?" என்றாள், ரகசியம் பேசுவது போல.

அப்போதெல்லாம் அவள் அப்படித்தான் பேசினாள். ஒத்திகையிலும் போன் பேச்சு வரும்போது வாயை மட்டும் அசைப்பாள். நானும் பேக்கரிக்காரரும் அந்தப் பத்து நிமிடமும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும். சேர்த்து வைத்ததைச் செலவு செய்ய இடம் கிடைக்காமல் போய்விட்டால்?

அடுத்தது கதையைச் சரிபார்ப்பது. அதைத் தலைவரே வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லிஃப்ட் நிக்கறதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. மக்களுக்கு நம்பிக்கை போயிடும். ஓடற மாதிரி மாத்திடுங்களேன்."

"ஓடினா மூணாவது மாடில கதவு திறந்து அவங்கவங்க போயிடுவாங்க சார்."

"நல்லதுதானே. எல்லாரும் நேரத்தோட வேலைக்குப் போயிடுவாங்க."

"அப்புறம் நாடகம்?"

"அரை நிமிஷத்துல முடிஞ்சிடும். நாற்காலியும் தேயாது."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முழு மனதோடு சொன்னார். என் நாற்பது நிமிடத்தை அரை நிமிடமாக்கி எனக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்தார். மன்றாடி, லிஃப்ட் நிற்பதற்கு மட்டும் அனுமதி வாங்கினேன், அது எந்த நிறுவனத்தின் லிஃப்ட் என்று சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தப் பிரதியைத் திரும்ப வாங்கச் செயலாளரிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் இன்னும் சரிபார்க்கவில்லை என்றார். நாலாவது தடவை கொடுத்தார். போன் பேச்சு வரும் பக்கத்தில் ஒரு டீக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பியபோது கேட்டார், "அந்தம்மா கடைசில அந்த லெட்டர குடுத்தாங்களா, இல்லையா?"

நாடகத்தில் வரும் என்றேன்.

"படிவத்துல அதுக்கு இடமில்ல. சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு ஸ்டாம்பை எடுத்துக்கொண்டார்.

பிறகு திரைத் துணைக்குழு. மேடைத் திரைக்கென்றே ஓர் உறுப்பினர் இருக்கிறார். பிரதியை அவர் படிக்கவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். திரையைச் செய்து கொடுத்தவர்கள், நானூறு தடவை திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இதுவரை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை திறந்தாகிவிட்டது.

"ஒண்ணுதான் பாக்கி. அத எதுக்குச் செலவு பண்றதுன்னு பதினோரு வருஷமா யோசிச்சிட்டிருக்கோம். உங்க கேக் பெட்டிக்குச் செலவு பண்ணச் சொல்றீங்களா?"

பேக்கரிக்காரருக்கு முகம் சிறுத்துப்போய்விட்டது. இரண்டு வாரம் இழுத்து, கடைசியில் தீர்வு ஒன்று சொன்னார்கள். மூடிய திரைக்குப் பின்னால் நாடகம் நடத்திக்கொள்ளலாம். குரல் கேட்கும், அது போதும். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அக்கா பரவாயில்லை என்றாள். அவளுக்கு வேண்டியது கேட்பதுதானே. சரி, தொலையட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

இத்தனையும் தாண்டி வந்தால் பார்வையாளர் ஒத்திகை என்று ஒன்று. இந்த வழக்கம் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. நாற்காலி முறிந்த பிறகு கொண்டுவந்தார்களாம். நடிகர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வரும்போது, பார்வையாளர்கள் மட்டும் பழக்கமில்லாமல் வந்து உட்காருவது என்ன நியாயம் என்பது தலைவரின் கேள்வி. மூன்றாம் தேதி, அக்கம்பக்கத்துச் சனம் அறுபது பேரை வரவழைத்தார்கள். அத்தான் லீவு போட்டுவிட்டு வந்தார். நடிகர்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். சிரிப்பு மூன்று வகை. லேசான சிரிப்புக்கு உதடு மட்டும் அசைய வேண்டும். நடுத்தரச் சிரிப்பில் பல் தெரியலாம், தோள் குலுங்கக் கூடாது. பெரிய சிரிப்புக்கு இரண்டு நாள் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தலைவர் விசில் ஊதினார். திரை மூடியிருந்தது, மேடையில் ஈ காக்கை இல்லை. அறுபது பேரும் பிளாஸ்டிக் உறை சரசரக்க உட்கார்ந்து, எதிரே இருந்த துணியைப் பார்த்து உதட்டை அசைத்தார்கள்.

அத்தான் மட்டும் அசைக்கவில்லை. மூன்றாம் வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரிடம் போய், உதடு எவ்வளவு அகலம் விரிய வேண்டும் என்று அளவு நாடாவை இழுத்துக் காட்டினார். நாடா சடாரென்று சுருண்டு அவர் விரலிலேயே அடித்தது. அத்தான் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோள் குலுங்கியது. நாற்காலியும் குலுங்கியது.

ஒத்திகை தோல்வி என்று அறிவித்தார்கள். பார்வை சிதறியது, பதினாலு பேர் விட்டத்தைப் பார்த்தார்கள், ஒருவர் விண்ணப்பிக்காமல் பெரிதாகச் சிரித்தார். பத்தாம் தேதி நாடகம் கிடையாது. அன்றைக்கு இரண்டாவது பார்வையாளர் ஒத்திகை. அதில் தேறினால் இருபத்துநான்காம் தேதி நாடகம்.

பதினான்கு என்ற தேதி என் தலைக்குள் மணி அடித்தது. தலைவர் அறைக்குப் போய், அந்தக் கண்ணாடிப் பெட்டி நாற்காலிக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கட்டி, டாக்டர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பாத்திரத்த வாய் பேசாதவங்களா மாத்திடுங்க. இருபத்திநாலாம் தேதி உங்க அக்காவுக்கு ரொம்ப இயல்பா இருக்கும். கூடத்துல சத்தமும் குறையும்."

எனக்கு வந்ததே கோபம். சட்டைப் பையில் ஸ்பேனர் இருந்தது, கை அதைத் தொட்டுவிட்டும் வந்தது. வாய் திறந்தால் என்ன சொல்வேனோ என்று பயந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வாரம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவளிடம், இனிமேலும் அசைத்தால் போதும் என்று சொல்வதா? அழுகை வந்தது. அழுதேன்.

செயலாளர் அம்மா ஒரு கோப்போடு வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தே பேசினார்.

"போன தடவ மேடைல பாக்கறதுக்கு ஒண்ணுமே வெக்கல, அதான் பார்வை சிதறிடுச்சு. விதி நாப்பத்தேழுப்படி பார்வையாளர் ஒத்திகைக்கு மேடைல ஒரு பொருள் வெக்கணும். பூந்தொட்டியோ, வாளியோ. ஆனா சான்றிதழ் உள்ள பொருளா இருக்கணும். இந்தக் கூடத்துல சான்றிதழ் உள்ள பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு." ஒரு தாளைப் புரட்டினார். "அதுலயும் சுமைச் சோதனைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. மெக்கானிக் நீங்கதான, எப்ப செய்யப் போறீங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இருபத்தோரு வருடமாக லிஃப்டுக்குச் சுமைச் சோதனை செய்கிறவன் நான். எனக்கு ஒருத்தர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

அன்றைக்கே படிவம் எழுதினேன். பார்வைப் பொருளாக அட்டை லிஃப்ட். அதில் சுமைச் சோதனை, உள்ளே மூன்று பேர், கையில் ஒரு கேக் பெட்டி. கால அளவு நாற்பது நிமிடம். நடுவில் அவசரத் தொலைபேசிச் சோதனை, ஒரு பெண் குரலில், பத்து நிமிடம். ஆட்கள் பதற்றத்தில் என்ன பேசுவார்களோ அதை உள்ளே இருப்பவர்கள் பேசிக் காட்டுவார்கள். சோதனையைச் சாட்சிகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் திரை திறந்திருக்க வேண்டும்.

நம்பினால் நம்புங்கள், இரண்டே நாளில் எல்லாத் துணைக்குழுவும் கையெழுத்துப் போட்டுவிட்டது. நாடகம் என்றால் வாரக்கணக்கில் யோசித்தவர்களுக்குச் சோதனை என்றதும் ஓர் உற்சாகம் வந்துவிட்டது. ஹெல்மெட்காரர் முன் வரிசையில் இடம் கேட்டார். திரை உறுப்பினர் மட்டும் ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினார். இப்படி ஒரு காரியத்துக்காகத்தான் அந்த ஒன்றை விட்டுவைத்தோம் என்று மறுநாள் எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் தேதி நான்கு மணிக்கு அதே அறுபது பேர், அதே தாள்கள். தலைவர் எழுந்து, இங்கே நடக்கப்போவது நாடகம் அல்ல என்று மூன்று தடவை சொன்னார். திரை உறுப்பினர் கயிற்றைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நானூறு என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு மூடினார்.

முதல் ஐந்து நிமிடம் விசில்படி போனது. பேக்கரிக்காரர் மணி கேட்டார், விசில் வந்தது, அறுபது உதடு அசைந்தது. லிஃப்ட் நின்றது. அப்புறம் பெரியவர் மூலையில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, பையில என்ன அது, ஸ்பேனரா?" என்று கேட்க, நான் "சீப்புங்க" என்று சொல்லி அதாலேயே தலை வாரிக்கொண்டேன். யாரோ பின் வரிசையில் சத்தமாகச் சிரித்தார்கள். விசில் வரவில்லை. அடுத்து முன் வரிசை. அதற்கப்புறம் தாளை யாரும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறைகள் மழை பெய்கிற மாதிரி சரசரத்தன. தலைவர் நடுத்தரச் சிரிப்புக்கு ஊதினார், பெரிய சிரிப்பு வந்தது. நிறுத்தச் சொல்லி ஊதினார், அதற்கும் சிரித்தார்கள்.

அக்கா போனை எடுத்தாள்.

"ஹலோ. லிஃப்ட் நின்னு போச்சுங்க. ஹலோ? யாருமில்லையா?" கொஞ்சம் காத்திருந்தாள். "பரவால்ல. வீட்லயும் இப்படித்தான். நான் பேசுவேன், அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஆனா அங்க லைன் கட் ஆகாது. ஒரு 'ம்' வரும். இருபத்திரெண்டு வருஷமா அந்த ஒரு 'ம்'மை நம்பித்தான் நான் பேசிட்டிருக்கேன்."

முழுக் குரல். ஒன்பது வாரம் சேர்த்து வைத்த குரல். நானே அப்போதுதான் கேட்கிறேன். கூடம் முழுக்கச் சிரித்தது, எல்லாத் தலையும் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மேலே மேலே பேசினாள். ராஜினாமா கடிதத்தை எழுதியதையும் கிழித்ததையும், மறுபடி எழுதியதையும் சொன்னாள். காலையில் வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது யாரும் கேட்கவில்லை என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்ல அடங்கினார்கள். ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், சரியாகக் கேட்கவில்லையாம். தலைவர் விசிலை வாயில் வைத்தபடி மறந்துபோயிருந்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது லேசாகக் கூவியது.

எட்டாவது நிமிடம் குரல் உடைந்தது. ஒரு வார்த்தை பாதியில் காற்றாகப் போய்விட்டது. அக்கா நிறுத்தினாள். கழுத்தில் கை வைத்து எச்சில் விழுங்கினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் தலையை ஆட்டி என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த குரலில், கரகரவென்று, மீதியைப் பேசினாள். கடைசி வரி வந்தது.

"நான் இங்கதான் இருக்கேன். கேக்குதா?"

பிரதியில் அதற்குப் பதில் கிடையாது. அந்த மௌனத்தில்தான் லிஃப்ட் ஓட ஆரம்பிக்க வேண்டும், விளக்கை மாற்ற நான் சுவிட்சில் கை வைத்திருந்தேன்.

"ம்," என்றது மூன்றாம் வரிசை.

அறுபது பேருக்கும் கேட்டது. அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார், எழுந்தது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அவரையே பார்த்தாள். நான் சுவிட்சைப் போட மறந்துவிட்டேன். பேக்கரிக்காரர்தான் போட்டார்.

பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முனகக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் என்ன ஆகும் என்று அப்புறம்தான் தெரியும். இருபத்துநான்காம் தேதி குழுவின் கடிதம் வந்தது. அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன்.

சுமைச் சோதனை வெற்றி. அவசரத் தொலைபேசி தெளிவாகக் கேட்டது, மறுமுனையிலிருந்து பதிலும் கிடைத்தது. பார்வையாளர் ஒத்திகை படுதோல்வி. முப்பத்தெட்டு இடங்களில் விண்ணப்பிக்காமல் சிரித்திருக்கிறார்கள், அழுகைக்குப் படிவமே இல்லாத நிலையில் அழுதும் இருக்கிறார்கள். ஆகவே நாடகத்துக்கான விண்ணப்பம் துணைக்குழுவுக்கு அனுப்பப்படுகிறது. திரையை மூடினால் மறுபடி திறக்கக் கணக்கில் இடமில்லாததால், அது இனி எப்போதும் திறந்தே இருக்கும். கடைசியில் செயலாளரின் கையெழுத்தில், ஸ்டாம்புக்குக் கீழே, ஒரு நிபந்தனை. மேற்படி லிஃப்டுக்கு ஆண்டுதோறும் சுமைச் சோதனை கட்டாயம். அதே மூவர் உள்ளே இருக்க வேண்டும். பார்வையாளர்கள் முன்னிலையில்.

அக்கா கடிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரிகளை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடியிலிருந்த தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள். 'என் குரல் மாறிப் போயிட்டா?'

கூடவே இணைத்திருந்த படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினேன். ஆள் எண்ணிக்கை இருந்தது, எடை இருந்தது, கேக் பெட்டிக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது.

"குரலுக்குக் கட்டமே இல்லக்கா," என்றேன். "நீ வந்து நின்னா போதும்."

அத்தான் சமையலறையிலிருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டே வந்தார். அக்கா பேச முடியாமல் போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவர்தான் பேசுகிறார். எத்தனை டிரிப், எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள் என்று நிறுத்தாமல் சொல்கிறார். இருபத்திரண்டு வருடப் பாக்கி போலிருக்கிறது.

"அடுத்த வருஷம் எனக்கு முன் வரிசைல இடம் வேணும்னு சொல்லிடு. அந்த பிளாஸ்டிக் உறையெல்லாம் கழட்டச் சொல்லு, சத்தத்துல இவ பேசினது பாதி கேக்கல. குரல் எப்படி இருந்தா என்ன, நான்தான் அங்க உக்காந்திருப்பேனே," என்று சொல்லிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தி அக்கா பக்கம் திரும்பினார். "என்ன, நான் சொல்றது கேக்குதா?"

அவளால் "ம்" என்றுகூடச் சொல்ல முடியாது. மேசையில் விரலால் ஒரு தடவை தட்டினாள்.